வால்வு போனோ ஸ்டேஜா, டிரான்சிஸ்டரா: இசைத்தட்டு கேட்பவர் எதை வாங்குவது?

டர்ன்டேபிள் வாங்கியாயிற்று, ஊசி தாங்கும் கார்ட்ரிட்ஜையும் ஒழுங்காகப் பொருத்தியாயிற்று. அடுத்து, கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ஸ்டேஜ் என்று வரும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆம்ப்ளிஃபையரிலேயே போனோ இன்புட் இருக்கிறதே, அது போதாதா? தனியாக வாங்குவதென்றால் டிரான்சிஸ்டரா, வால்வா (வெற்றிடக் குழாய்)? வால்வு என்றால் ஹம் என்ற மின் ரீங்காரம் வருமாமே? கம்பிச்சுருள் அசையும் எம்சி வகைக் கார்ட்ரிட்ஜுக்கு வால்வு சரிப்படுமா? வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இவற்றைத்தான்.

எனக்கு வால்வு போனோ ஸ்டேஜின் ஒலி பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வால்வு என்றால் இதம், டிரான்சிஸ்டர் என்றால் வறட்சி என்று ஒரே வரியில் பிரித்துவிடும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. வால்வின் குணம் என்று நாம் காதால் கேட்பதில் கணிசமான பங்கு, கார்ட்ரிட்ஜும் போனோ ஸ்டேஜும் எப்படிப் பொருந்துகின்றன, போனோ ஸ்டேஜும் ஆம்ப்ளிஃபையரும் எப்படிப் பொருந்துகின்றன என்பதிலிருந்து வருகிறது. பொருத்தம் சரியில்லாத இடத்தில் எவ்வளவு நல்ல வால்வும் வீண்தான்.

எதை வைத்து எடைபோடுவது

போனோ ஸ்டேஜுக்கு வேலை இரண்டு. ஒன்று, கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்குவது. காந்தம் அசையும் எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். எம்சி வகையில் பலவும் தருவது 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான். முன்னதற்குச் சுமார் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கம் வேண்டும். பின்னதற்கு 60 டெசிபல், அதாவது 1000 மடங்கு.

இன்னொன்று, ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம்) சமன்செய்தல். தட்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து, ட்ரெபிளைத் தூக்கி வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாஸ் அலைகள் பள்ளத்தை அகலமாக்கிப் பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும், ட்ரெபிள் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். 1954இல் தரப்படுத்தப்பட்ட வளைவின்படி போனோ ஸ்டேஜ் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 20 டெசிபல் ஏற்றுகிறது, 20 கிலோஹெர்ட்ஸை அதே அளவு இறக்குகிறது.

இங்கேதான் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் கூர்மையாகிறது. 50 ஹெர்ட்ஸில் இந்த வளைவு தரும் கூடுதல் தூக்கல் 17 டெசிபல். 1 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்கு பெருக்கும் கருவி, மின்சார ஹம் குடியிருக்கும் 50 ஹெர்ட்ஸில் சுமார் 700 மடங்கு பெருக்குகிறது. சிடி பிளேயருக்குப் பின்னால் உட்காரும் ஒரு வால்வு ப்ரீஆம்பில் காதுக்கே எட்டாத, வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் ஹம், போனோ ஸ்டேஜில் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். ஒரு கருவியில் வால்வை வைக்கக் கடினமான இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆக, நான் பார்ப்பவை இவை: கார்ட்ரிட்ஜுக்குத் தேவையான பெருக்கம் கிடைக்கிறதா, ஊசியைத் தூக்கிவைத்தால் எவ்வளவு அமைதி, கார்ட்ரிட்ஜ் எதிர்பார்க்கும் லோடு (அது சந்திக்கும் மின்தடையும், கெபாசிட்டன்ஸ் என்ற மின்தேக்குத் திறனும்) அமைகிறதா, தட்டில் டிக், பட் என்று வெடிக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது, அடுத்த கருவியை ஓட்டும் திராணி இருக்கிறதா, ஐந்தாறு வருடம் வைத்துக்கொள்ள என்ன ஆகும். குரல் இனிமையாக இருக்கிறதா என்பது இவை எல்லாம் தேறிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி.

ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே இருக்கும் போனோ இன்புட்

இதை அலட்சியப்படுத்துபவர்கள் அதிகம். எம்எம் கார்ட்ரிட்ஜ் மட்டும் போதும் என்பவருக்குப் பல சமயம் இதுவே போதும். கூடுதல் பெட்டி இல்லை, கூடுதல் கேபிள் இல்லை, எர்த் இணைப்புகள் வளையமாகி ஹம் தரும் கிரவுண்ட் லூப்புக்கான வாய்ப்பும் குறைவு. 1970களின் ஸ்டீரியோ ரிசீவர்கள் பலவற்றில் போனோ பகுதியை அக்கறையோடு செய்திருப்பார்கள், ஏனென்றால் அன்று அதுதான் முதன்மையான இன்புட். இன்றைய ஆம்ப்ளிஃபையர்களில் அந்த உத்தரவாதம் கிடையாது. சிலவற்றில் விவரப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்காக மட்டும் ஒரு சிறு சிப் இருக்கும். வேறு சிலவற்றில் போனோ சிக்னல் உள்ளே போனதும் டிஜிட்டலாக மாற்றப்பட்டுவிடும்.

பொதுவான குறை, லோடை மாற்ற வழியில்லை. 47 கிலோஓம், ஏதோ ஒரு கெபாசிட்டன்ஸ், அவ்வளவுதான். அப்புறம் ஒரு எச்சரிக்கை: உங்கள் டர்ன்டேபிளிலேயே ப்ரீஆம்ப் இருந்தால், அதை அணைக்காமல் போனோ இன்புட்டில் செருகாதீர்கள். சமன்செய்தல் இரண்டு முறை நடந்து பாஸ் பொங்கி வழியும், ஒலி சிதறும்.

தனி டிரான்சிஸ்டர் போனோ ஸ்டேஜ்

அமைதி வேண்டுமென்றால் இதுதான். நல்ல டிரான்சிஸ்டர் ஸ்டேஜில் ஊசியைத் தூக்கிவைத்து வால்யூமைக் கேட்கும் அளவுக்கு ஏற்றினாலும், ஸ்பீக்கர் அருகே காதை வைத்தால்தான் லேசான ஹிஸ் தெரியும். எம்சிக்கு வேண்டிய 60 டெசிபலை இது சிரமமில்லாமல் தருகிறது. லோடு, கெபாசிட்டன்ஸ், பெருக்கம் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்விட்ச் இருக்கும். அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியேறும் பக்கத்து மின்தடை, சில நூறு ஓம் அல்லது அதற்கும் குறைவு, அதனால் எந்த ஆம்ப்ளிஃபையரோடும் ஒத்துப்போகும். காதுக்கு எட்டாத தாழ் அதிர்வுகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டரும் பலவற்றில் உண்டு. தட்டு லேசாக வளைந்திருந்தால் 33⅓ வேகத்தில் அது விநாடிக்கு அரை முறைக்குச் சற்று அதிகமாக ஊசியைத் தூக்கி இறக்கும். காதுக்குக் கேட்காது, ஆனால் ஊஃபர் கோன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பாஸுக்காகப் பெட்டியில் துளை வைத்த பாஸ் ரிஃப்ளெக்ஸ் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இந்த ஃபில்டர் பெரிய உதவி.

கேட்கும் அனுபவம்? பாஸ் இறுக்கமாக, விளிம்பு தெளிவாக இருக்கும். டபுள் பாஸின் ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று எண்ணிவிடலாம். டிரம்மின் அடி சட்டென்று வந்து சட்டென்று ஓய்கிறது. கூட்டிசையில் அடுக்குகளைப் பிரித்துக் காட்டுவதிலும் இது கெட்டி.

குறை என்று நான் உணர்வது மலிவான வகைகளில்தான். மின்வழங்கலின் வோல்ட் குறைவாக இருந்தால் தட்டின் தூசி வெடிப்புகளுக்கு இடம் போதாது. அந்த வெடிப்புகளில் உயர் அதிர்வெண் ஆற்றல் நிறைய. உள்ளே ஒரு கட்டம் முட்டி நின்றுவிட்டால், ஒரு சின்ன டிக் சத்தம் காதைக் குத்தும் வெடிப்பாக நீண்டு கேட்கும். நல்ல வடிவமைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே விவரப் பட்டியலில் ஓவர்லோடு அளவு என்று ஒரு வரி இருந்தால் அதைத் தேடிப் படியுங்கள்.

வால்வு போனோ ஸ்டேஜ்

இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் என்ன கேட்கிறது என்பது. பெண் குரல் தனியாக வரும் ஒரு பதிவை வையுங்கள். வால்வில் குரல் ஸ்பீக்கருக்கு அரையடி முன்னால் வந்து நிற்கிறது. மூச்சு இழுக்கும் சத்தம், உதடு பிரியும் சத்தம் எல்லாம் குரலோடு ஒட்டியிருக்கின்றன, தனித்துத் துருத்தவில்லை. வயலினில் வில் திரும்பும் இடத்தில் வரும் அந்தச் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் உறுத்தவில்லை. பியானோவில் விரல் எடுத்த பிறகு சுரம் தேயும் வால்பகுதி நீளமாகத் தோன்றுகிறது. தட்டின் கரகரப்பு மறைவதில்லை. அது இசையிலிருந்து விலகி, ஒரு ஓரமாகப் போய் உட்காருகிறது. 250 வோல்ட், அதற்கும் மேலான மின்வழங்கலில் ஓடும் வால்வுக்கு வெடிப்புகளைத் தாங்கிக்கொள்ள ஏராளமான இடம் இருப்பது இதற்கு ஒரு காரணம் என்று நம்புகிறேன். வால்வு சேர்க்கும் திரிபில் இரண்டாம் ஹார்மோனிக்தான் அதிகம். அது மூலச் சுரத்தின் அடுத்த ஸ்தாயி, அதனால் காது அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இழப்பதும் உண்டு. பாஸின் கடைசிப் பிடி தளர்கிறது. அடர்த்தியான டிரம் பகுதிகளில் அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்க வேண்டிய வெற்றிடம் கொஞ்சம் நிரம்பிவிடுகிறது. இசை மெலிதாகும் இடங்களில் பின்னணியில் ஒரு மெல்லிய உஸ் இருக்கும்.

இப்போது பொருத்தம். அதிகம் புழங்கும் வால்வு இசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7. பெருக்கக் காரணி 100. அடுத்தது இசிசி88, காரணி 33தான், ஆனால் இரைச்சல் குறைவு. இசிசி83இன் உள்ளே, சிக்னல் நுழையும் கிரிடுக்கும் அது பெருகி வெளிவரும் பிளேட்டுக்கும் நடுவே 1.7 பிகோஃபாரட் அளவில் ஒரு கெபாசிட்டன்ஸ் உண்டு. பார்க்கச் சின்ன எண். ஆனால் அந்தக் கட்டம் 60 மடங்கு பெருக்கினால், கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு அதுவும் கிட்டத்தட்ட 60 மடங்காகி, 100 பிகோஃபாரடை ஒட்டித் தெரியும். மில்லர் விளைவு என்பது இதுதான். டோன்ஆர்ம் வயர், கேபிள் இரண்டும் சேர்ந்து 100 முதல் 200 வரை ஏற்கனவே போட்டிருக்கும். ஆக, விற்பவர் கூடுதல் கெபாசிட்டரே வைக்கவில்லை என்று சொன்னாலும் மொத்தம் 300க்குப் போய்விடலாம். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசைக்குப் பரிந்துரை 100 முதல் 200 பிகோஃபாரட். ஆர்டோஃபோன் 2எம் வரிசைக்கு 150 முதல் 300.

550 மில்லிஹென்ரி இண்டக்டன்ஸ் உள்ள ஒரு எம்எம் கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். 150 பிகோஃபாரடில் அதன் மின் ஒத்ததிர்வு பதினேழரை கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் தொந்தரவில்லாத இடத்தில் இருக்கும். 300இல் அது 12 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்குச் சற்றுக் கீழே ஒரு மேடு, மேலே ஒரு சரிவு. ச, ஸ ஒலிகள் தூக்கலாகும், சிம்பலின் மேல்மினுமினுப்பு மங்கும். இதைக் கேட்டுவிட்டு ஒருவர் வால்வு இதமாக இருக்கிறது என்பார், இன்னொருவர் வால்வில் ச ஒலி குத்துகிறது என்பார். இரண்டு பேரும் கேட்டது கெபாசிட்டன்ஸை. குறைந்த கெபாசிட்டன்ஸ் கேபிள் போட்டால் இருவருடைய கருத்தும் மாறக்கூடும்.

வெளியே போகும் பக்கத்திலும் இதே கதை. இம்பீடன்ஸைக் குறைக்கும் கேதோடு ஃபாலோயர் என்ற கட்டம் இல்லாத எளிய வால்வு ஸ்டேஜின் அவுட்புட் இம்பீடன்ஸ் பல கிலோஓம் இருக்கும், கடைசியில் ஒரு கப்ளிங் கெபாசிட்டரும் இருக்கும். அந்தக் கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 47 கிலோஓம் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையரில் பாஸ் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 10 கிலோஓம் இன்புட் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். வால்வு என்றாலே பாஸ் இருக்காது என்ற புகார் பல வீடுகளில் இங்கிருந்துதான் புறப்படுகிறது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். சிறு சிக்னல் வால்வுகள் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும், அதில் பயமில்லை. ஆனால் போனோ ஸ்டேஜின் முதல் இடத்தில் உட்காரும் வால்வு இரைச்சல் குறைந்ததாக, அதிர்வை ஒலியாக்கும் மைக்ரோஃபோனிக் குணம் இல்லாததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டிப் பாருங்கள். லேசான டக் இயல்பு. கண்ணாடி மணி மாதிரி ணங் என்று ஸ்பீக்கரில் நீண்டு ஒலித்தால், ஸ்பீக்கரின் அதிர்வும் அந்த வால்வு வழியாக உள்ளே நுழைகிறது என்று பொருள். அப்படித் தேர்ந்த வால்வுகள் சாதாரண வால்வை விடக் கூடுதல் விலை. பழைய முல்லார்ட், டெலிஃபங்கன் வால்வுகளைத் தேடிப் போனால் விலைக்கு வரம்பில்லை, போலிகளும் உண்டு.

வால்வை மாற்றி மாற்றிப் போட்டு ஒலி பார்ப்பது ஒரு இன்பம்தான். ஆனால் சமன்செய்யும் வலை இரண்டு வால்வுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வடிவமைப்புகளில், முதல் வால்வின் உள் மின்தடையும் அந்த வலையின் ஒரு பகுதி. இசிசி83 குழியில் இசிசி82 அழகாகப் பொருந்தும். ஆனால் அதன் உள் மின்தடை பல மடங்கு குறைவு என்பதால் பெருக்கம் விழும், ஆர்ஐஏஏ வளைவும் கோணும். இசிசி88ஐ அங்கே செருகவே கூடாது, ஹீட்டர் இணைப்பே வேறு.

சூடேற 20, 30 நிமிடம் ஆகும். ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோகும் பழக்கமுள்ளவருக்கு இது பெரிய விஷயம். உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்தம் அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும், மூடியைத் திறந்து கைவைக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிகச் சின்ன பெட்டி, சுவர் அடாப்டர், மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் வால்வு. இவற்றில் பலவற்றில் வால்வுக்குக் கிடைப்பது இருபது முப்பது வோல்ட்தான். பெருக்கத்தையும் சமன்செய்தலையும் ஆப்-ஆம்ப் என்ற சிப் செய்துவிடுகிறது. ஒளி கூட வால்வின் அடியில் இருக்கும் எல்இடியிலிருந்து வரலாம். இதை வாங்குவதற்குப் பதில் அதே காசுக்கு நேர்மையான டிரான்சிஸ்டர் ஸ்டேஜ் வாங்குவது எவ்வளவோ மேல்.

வால்வோடு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்

எம்சி கார்ட்ரிட்ஜின் 0.3 மில்லிவோல்ட்டை வால்வு மட்டுமே வைத்து 1000 மடங்கு பெருக்கினால் ஹிஸ் தலைதூக்கும். எம்சி வசதி உள்ள வால்வு ஸ்டேஜ்கள் பலவும் உள்ளே ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ முன்னால் வைத்திருப்பது அதனால்தான். டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரம் இல்லாமல், ஏறக்குறைய இரைச்சலே சேர்க்காமல் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது.

கணக்கு எளிது. 1:10 டிரான்ஸ்ஃபார்மர் 20 டெசிபல் தரும். ஆனால் இம்பீடன்ஸ் அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறையும். 47 கிலோஓம் இன்புட் கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். 1:20 என்றால் 26 டெசிபல், தெரிவது சுமார் 118 ஓம். டெனான் டிஎல்-103ஐ எடுத்துக்கொண்டால் 0.3 மில்லிவோல்ட், 40 ஓம். 1:10இல் 3 மில்லிவோல்ட் கிடைக்கிறது, லோடு 470 ஓம், கம்பிச்சுருளின் மின்தடையைப் போல பத்து மடங்குக்கு மேல். கச்சிதமான ஜோடி. அதே கார்ட்ரிட்ஜுக்கு 1:20 போட்டால் ஓசை பெருகும், ஆனால் லோடு மூன்று மடங்குக்கும் கீழே வந்து ஒலி அடங்கிப்போகும்.

பொருந்திவிட்டால் இதில் கேட்கும் குரல் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மெல்லிய ஒலியிலும் சதைப்பிடிப்பு இருக்கிறது. சிக்கல், இந்த டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் மற்றொரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை உறிஞ்சிக்கொள்ளும். பவர் ஆம்பிலிருந்து தள்ளி வைத்து, பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பி ஹம் குறையும் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்ற நேரலாம்.

ஒரே பார்வையில்

| | உள்ளமைந்த போனோ | தனி டிரான்சிஸ்டர் | வால்வு | வால்வு, ஸ்டெப்-அப் |
|---|---|---|---|---|
| ஏற்ற கார்ட்ரிட்ஜ் | எம்எம் | எம்எம், எம்சி | எம்எம், அதிக அவுட்புட் எம்சி | குறைந்த அவுட்புட் எம்சி |
| பின்னணி அமைதி | கருவியைப் பொறுத்தது | மிக நன்று | லேசான ஹிஸ் | ஹிஸ் குறைவு, ஹம் கவனம் |
| லோடு மாற்றம் | பெரும்பாலும் இல்லை | எளிது | கேபிளால் ஓரளவு | டிரான்ஸ்ஃபார்மரின் விகிதமே முடிவு செய்யும் |
| அடுத்த கருவியோடு பொருத்தம் | கவலையில்லை | கவலையில்லை | இன்புட் இம்பீடன்ஸ் பார்க்க வேண்டும் | அதே |
| மறைந்த செலவு | பின்னாளில் எம்சிக்கு மாறினால் புதுக் கருவி | ஏறத்தாழ இல்லை | தேர்ந்த வால்வுகள், கேபிள் | வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், இடம் |

யாருக்கு எது

எம்எம் கார்ட்ரிட்ஜ், நல்ல ஆம்ப்ளிஃபையர், வாரத்தில் எப்போதாவது ஒரு தட்டு. இவர் உள்ளமைந்ததோடு இருக்கட்டும், மிச்சக் காசைத் தட்டு சுத்தம் செய்யும் கருவியில் போடட்டும். அடிக்கடி கார்ட்ரிட்ஜ் மாற்றுபவர், ஹெட்ஃபோனில் கேட்பவர், மின்னணு இசையும் ராக்கும் அதிகம் கேட்பவர் டிரான்சிஸ்டருக்குப் போகலாம். குறிப்பாக ஹெட்ஃபோனில் வால்வின் ஹிஸ் காதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

குரலும் தந்தி வாத்தியங்களும் உங்கள் அலமாரியில் அதிகமா, பழைய தட்டுகள் நிறையவா, உட்கார்ந்தால் மணிக்கணக்கில் கேட்பீர்களா? அப்படியென்றால் வால்வு உங்களுக்குத்தான். சரி, எம்சியும் வேண்டும் என்றால் ஸ்டெப்-அப். ஆனால் இந்தக் கார்ட்ரிட்ஜோடுதான் இருக்கப் போகிறேன் என்ற தெளிவு வந்த பிறகு வாங்குங்கள்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒலியளவைச் சமமாக்குவது மிக முக்கியம். ஒரு ஸ்டேஜ் 40 டெசிபல், இன்னொன்று 44 என்றால், இரண்டாவதுதான் உயிரோட்டமாகத் தோன்றும், அது வால்வானாலும் டிரான்சிஸ்டரானாலும். ஒவ்வொரு முறையும் வால்யூமைத் திருத்தி, ஒரே தட்டின் ஒரே பகுதியை, முடிந்தால் தட்டின் உட்பக்கத்துக் கடைசிப் பாட்டை வைத்துக் கேளுங்கள். ச ஒலிகள் மோசமாவது அங்கேதான் முதலில் தெரியும். வால்வைச் சூடேறவிட்டுப் பிறகு கேளுங்கள். ஊசியைத் தூக்கிவைத்து, கேட்கும் வால்யூமிலேயே வைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து ஹம் கேட்கிறதா என்று பாருங்கள்.

வால்வு என்று முடிவாகிவிட்டால் விற்பவரிடம் மூன்று கேள்விகள்: மில்லர் விளைவையும் சேர்த்து இன்புட் கெபாசிட்டன்ஸ் எவ்வளவு? அவுட்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை கிலோஓம் இன்புட்டோடு இணைக்கலாம்? ஹீட்டர் ஓடுவது டிசியிலா, ஏசியிலா? தெளிவான பதில் வராவிட்டால், உங்கள் கார்ட்ரிட்ஜோடும் உங்கள் ஆம்ப்ளிஃபையரோடும் இணைத்துக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.